வீட்டில் வருகிற குறள் மேடையில் வராமல் போவது ஏன்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் ஐஸ்டெட்ஃபாட் என்னும் கலைப் போட்டிகள் நடக்கும் நாட்களில் பல மேடைகளில் ஒரே காட்சியைப் பார்க்கலாம். பத்து வயதுப் பிள்ளை. திருக்குறளின் முதல் அதிகாரம் முழுக்கத் தெரியும். காலையில் காரில் வரும்போதுகூட ஆயாவிடம் (பாட்டியிடம்) ஒருமுறை ஒப்பித்தாயிற்று. மேடையேறி, கைகூப்பி, ஆறு குறள் தடையில்லாமல் வந்தது. ஏழாவது குறளின் முதல் வரி முடிந்ததும் நின்றுவிட்டது. மைக்கில் பிள்ளையின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது.

இறங்கி வந்த பிறகு பெரியவர்கள் மூன்று காரணங்களில் ஒன்றைச் சொல்வார்கள். பிள்ளைக்கு வெட்கம், இன்னும் படித்திருக்க வேண்டும், தைரியம் பத்தவில்லை. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனாலும் நூறு முறை வந்த வரி நூற்றியோராவது முறை ஏன் வரவில்லை என்பதை இவை விளக்குவதில்லை. அதுவும் ஏழாவது குறளில் போய் நிற்பானேன்? அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் போட்டி நாளை மாற்றுவதா, அதற்கு முந்தைய மாதங்களை மாற்றுவதா என்ற கேள்விக்கு அது நம்மைக் கொண்டுபோகும்.

## முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

மேடைக் கூச்சம், சபைக் கூச்சம், மேடை பயம் என்று பல பெயர் வைத்திருக்கிறோம். இவற்றோடு வேறு இரண்டு விஷயங்களும் கலந்துபோகின்றன.

1. கூச்ச சுபாவம். இது ஒருவரின் இயல்பு. புதியவர்களிடம் பேசத் தயங்குவார்கள். ஆனால் கூச்ச சுபாவம் உள்ள பலர் மேடையில் நன்றாகவே பாடுகிறார்கள், ஆடுகிறார்கள்.

2. மேடைப் பதற்றம். பலர் பார்க்க, மதிப்பிட, ஒன்றைச் செய்து காட்ட வேண்டிய நேரத்தில் மட்டும் வருவது. வீட்டில் வாயாடிப் பிள்ளைக்கும் வரும். நாற்பது வருடம் மேடையேறியவருக்கும் வரும்.

3. சமூகப் பதற்ற நோய். பலர் முன்னால் சாப்பிடுவது, போனில் பேசுவது, வகுப்பில் கை தூக்குவது என்று அன்றாட வாழ்க்கையே தடைப்படும் நிலை. இதற்குச் சிகிச்சை தேவை.

இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. அது ஒரு குறை என்று நினைக்க வேண்டியதில்லை. வள்ளுவர் 'அவை அஞ்சாமை' என்று ஓர் அதிகாரத்தையே இதற்கு ஒதுக்கியிருக்கிறார். போர்க்களத்தில் உயிரைக் கொடுக்கத் துணிகிறவர்கள் நிறையப் பேர், சபையில் அஞ்சாமல் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று அதில் ஒரு குறள் சொல்கிறது. அந்தக் காலத்திலேயே அது அரிதாகத்தான் இருந்திருக்கிறது.

## உடம்புக்குள் நடப்பது

பலர் கண்கள் ஒரே நேரத்தில் நம்மேல் விழுவதை மூளை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு நடப்பவை வரிசையாக இவை.

1. மூளையின் உட்பகுதியில் உள்ள அமிக்டலா எச்சரிக்கை கொடுக்கிறது. அறிவுப்பூர்வமாக யோசிக்கும் முன்பே இது நடந்துவிடுகிறது. அதனால்தான் "இதுக்குப் போய் பயப்படலாமா" என்று கேட்பதால் பயன் இல்லை.

2. ஆபத்து நேரத்தில் உடம்பைத் தயார்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் உள்ள சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது.

3. ஓடவோ சண்டை போடவோ வசதியாக ரத்தம் பெரிய தசைகளுக்குப் போகிறது. தோலில் குறைவதால் கை சில்லென்று ஆகிறது. குடலில் குறைவதால் வயிற்றைக் கலக்குகிறது. எச்சில் குறைவதால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. குரல்வளைத் தசைகள் இறுகி மூச்சும் மேலோட்டமாவதால் குரல் நடுங்குகிறது.

4. சற்றுப் பின்தங்கி இரண்டாவது அலை வருகிறது. அது கார்ட்டிசால் என்ற ஹார்மோன். பதற்றம் தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போகிறது. கார்ட்டிசால் கூடியிருக்கும்போது, மனதில் ஏற்கெனவே பதிந்ததை வெளியே எடுப்பது கடினமாகிறது.

நான்காவது விஷயத்தைப் போட்டி நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் பதிவு செய்துவிட்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் மேடை ஓரத்தில் அரை மணி நேரம் பதறிக் காத்திருக்கும் பிள்ளை, கார்ட்டிசால் உச்சத்தில் இருக்கும்போது மேடையேறுகிறது. ஞாபகத்துக்கு அதைவிட மோசமான நேரம் இல்லை.

இது ஊகம் அல்ல. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் ஒரு சோதனை முறையை உருவாக்கினார்கள். கொஞ்ச நேரம் தயாரிக்கக் கொடுத்துவிட்டு, முகத்தில் எந்தப் பாவமும் காட்டாத நடுவர்கள் முன் 5 நிமிடம் பேச வைப்பார்கள். பிறகு 5 நிமிடம் 1022இலிருந்து 13, 13ஆகக் கழித்துக்கொண்டே போகச் சொல்வார்கள். ஆரோக்கியமான ஒருவரின் கார்ட்டிசாலை ஆய்வகத்தில் கூட்ட வேண்டுமென்றால் இன்றைக்கும் உலகமெங்கும் கையாளப்படும் வழி இதுதான். 2004இல் இப்படிப்பட்ட 208 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டு விஷயங்கள் கூடினால் கார்ட்டிசால் மிக அதிகமாக ஏறுவது தெரிந்தது. ஒன்று, பிறர் நம்மை மதிப்பிடுகிறார்கள் என்ற உணர்வு. இன்னொன்று, நம் கையில் எதுவும் இல்லை என்ற உணர்வு.

நடுவரும் மதிப்பெண்ணும் இல்லாமல் போட்டி இல்லை. ஆனால் இரண்டாவதை நாம் குறைக்க முடியும். இதைக் கடைசியில் பார்ப்போம்.

## கூட்டம் யாருக்கு உதவுகிறது, யாரைக் கவிழ்க்கிறது

கூட்டம் எப்போதும் கெடுதல் செய்கிறதா? இல்லை. ஒரு பாடகர் வீட்டில் பாடுவதைவிடக் கோயில் திருவிழாவில் நன்றாகப் பாடுவதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். ஒரே கூட்டம் ஒருவரை உயர்த்தி இன்னொருவரைக் கவிழ்ப்பது ஏன் என்பது உளவியலாளர்களை வெகு காலம் குழப்பியது. 1965இல் ராபர்ட் ஜயான்ஸ் ஓர் எளிய விடை சொன்னார். பிறர் பார்க்கும்போது நம் உடல் விழிப்பு கூடுகிறது. அப்போது நமக்கு எது நன்றாகப் பழகியிருக்கிறதோ அது முந்திக்கொண்டு வெளியே வருகிறது. பழகியது சரியானதாக இருந்தால் ஆட்டம் மெருகேறும். அரைகுறையாகப் பழகியிருந்தால், தவறுதான் முந்தும்.

இதை அவர் கரப்பான்பூச்சிகளிடம்கூடச் சோதித்தார். மற்றக் கரப்பான்பூச்சிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நேர் பாதையில் அவை வேகமாக ஓடின. திருப்பம் உள்ள பாதையில் மெதுவாகிப் போயின. மனிதர்களிடமும் அப்படித்தான். 1982இல் வெளியான ஓர் ஆய்வில், பில்லியர்ட்ஸ் போன்ற 'பூல்' என்ற மேசை ஆட்டம் விளையாடும் மாணவர்களுக்குப் பக்கத்தில் நான்கு பேர் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். நன்றாக விளையாடுகிறவர்களின் வெற்றி வீதம் 71 விழுக்காட்டிலிருந்து 80க்கு ஏறியது. சுமாராக விளையாடுகிறவர்களுடையது 36இலிருந்து 25க்கு இறங்கியது.

அதே நான்கு பேர்தான், அதே பார்வைதான். வித்தியாசம் பார்க்கப்பட்டவர்கள் முன்பே எப்படிப் பழகியிருந்தார்கள் என்பதில்தான். என் பார்வையில் இந்த விஷயம் முழுவதற்கும் சாவி இதுதான். "நல்லா தெரியும்" என்று நாம் சொல்லும்போது எந்த விதத்தில் தெரியும் என்று கேட்டாக வேண்டும்.

## நம் ஊர்ச் சிக்கல்: ஒலியாக மட்டும் தெரிந்த தமிழ்

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. 1911இல் ஒப்பந்தக் கூலி முறை முடியும் வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். ஐந்து, ஆறு தலைமுறை கடந்துவிட்டது. நாட்டின் 1996 அரசியல் சட்டம் மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பெரும்பாலான வீடுகளில் பேச்சு ஆங்கிலத்தில்தான். தமிழ் கோயிலில் இருக்கிறது, பாட்டில் இருக்கிறது, சனிக்கிழமை வகுப்பில் இருக்கிறது.

அதனால் பல பிள்ளைகள் தேவாரத்தையும் குறளையும் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தத் தாள் இல்லாவிட்டால் பல குடும்பங்களில் அந்தப் பாட்டே இருந்திருக்காது. ஆனால் அப்படிப் படித்தது ஞாபகத்தில் எந்த வடிவில் தங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பொருள் தெரியாமல் ஒலியாக மட்டும் கற்றது ஒரு சங்கிலி. ஒவ்வொரு ஒலியும் அடுத்த ஒலியை இழுத்து வருகிறது. சங்கிலி ஓடும்வரை அழகாக ஓடும். ஒரு கண்ணி விட்டால் அடுத்த கண்ணியைத் தேடிப் பிடிக்க வேறு வழி கிடையாது. முதலிலிருந்து தொடங்குவது ஒன்றே வழி. வீட்டில் அப்படித் தொடங்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். மேடையில் முடியாது.

இப்போது அந்த ஏழாவது குறளுக்கு வருவோம். அதன் முதல் வரி "தனக்குவமை இல்லாதான் தாள்சேர்ந்தார்க் கல்லால்" என்று முடிகிறது. எட்டாவது குறளின் முதல் வரி "அறவாழி அந்தணன் தாள்சேர்ந்தார்க் கல்லால்" என்று முடிகிறது. இரண்டு குறளுமே "அரிது" என்ற சொல்லில் முடிகின்றன. ஒலிச் சங்கிலியில் இது ஒரு முச்சந்தி. "தாள்சேர்ந்தார்க் கல்லால்" என்ற இடத்துக்கு வந்ததும் போக இரண்டு வழி தெரிகிறது. எது சரி என்று ஒலியை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. வீட்டில் நிதானமாக இருக்கும்போது நாக்கு சரியான வழியில் போய்விடுகிறது. மேடையில் உடல் விழிப்பு உச்சத்தில் இருக்க, இரண்டு வழியும் ஒரே நேரத்தில் முந்துகின்றன. பிள்ளை நின்றுவிடுகிறது. இல்லாவிட்டால் எட்டாவதின் இரண்டாம் வரியைச் சொல்லிவிட்டு, ஒரு குறள் விட்டுப்போனது தெரியாமல் ஒன்பதுக்குப் போய்விடுகிறது.

இதே முச்சந்தி மூன்றாவது குறளிலும் ஆறாவது குறளிலும் உண்டு. இரண்டும் "நீடுவாழ் வார்" என்று முடிகின்றன. மூன்றை முடித்துவிட்டு ஏழுக்குத் தாவும் பிள்ளைகள் தாவுவது இங்கேதான்.

பொருள் தெரிந்த பிள்ளைக்கு இது முச்சந்தியே இல்லை. ஏழாவது மனக்கவலையைப் பற்றியது. எட்டாவது கடல் நீந்துவதைப் பற்றியது. எதுகையைக் காட்டிக்கொடுத்தால் இன்னொரு பிடிமானமும் சேர்ந்துவிடும். 'தனக்கு' என்று தொடங்கினால் அடுத்த வரி 'மனக்'. 'அறவாழி' என்று தொடங்கினால் அடுத்த வரி 'பிறவாழி'. ஒலி, பொருள், எதுகை என்று மூன்று கயிறு இருந்தால் ஒன்று அறுந்தாலும் மற்ற இரண்டும் தாங்கும்.

இசைக் கலைஞர்களைப் பற்றிய ஆய்வும் இதையே சொல்கிறது. உளவியலாளர் ரோஜர் சாஃபின், பியானோ கலைஞர் காப்ரியேலா இம்ரே, இசையமைப்பாளர் பாக்கின் ஒரு படைப்பைக் கற்ற பயிற்சி அமர்வுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். தேர்ந்த கலைஞர்கள் ஒரு படைப்பை நீண்ட சங்கிலியாக மட்டும் வைத்துக்கொள்வதில்லை. நடுநடுவே மைல்கற்களை நட்டு வைக்கிறார்கள். எங்கே தடுக்கினாலும் அடுத்த மைல்கல்லில் போய் ஏறிக்கொள்ள முடியும் என்பதற்காக.

## கூத்து மேடை எப்படி இருந்தது

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர்கள் ஆடிய தெருக்கூத்தை இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்கிறோம். அதன் அமைப்பைக் கவனித்தால் மேடைப் பதற்றத்தை அவர்கள் எவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்பது தெரியும்.

முக்கியப் பாத்திரம் திடீரென்று கூட்டத்தின் முன்னால் வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் நின்று பாடி, ஆடி, உடம்பைச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் திரை விலகும். பதற்றம் மிக அதிகமாக இருக்கும் முதல் சில நிமிடங்கள் திரைக்குப் பின்னாலேயே கழிந்துவிடும். அடுத்து, பின்பாட்டுக்காரர்கள். நடிகர் பாடிய வரியை அவர்கள் திரும்பப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் நடிகருக்கு மூச்சு வாங்கவும் அடுத்த வரியை நினைக்கவும் நேரம் கிடைக்கும். மறந்தால் எடுத்துக்கொடுக்கவும் ஆள் உண்டு. கட்டியங்காரன் பேச்சுக் கொடுத்துச் சமாளிப்பான்.

பரதநாட்டியத்தில் நட்டுவனாரும், பஜனையில் கூடச் சேர்ந்து பாடும் கூட்டமும் இதே வேலையைச் செய்கிறார்கள். மனிதரை மேடையில் ஒற்றையாக விடக்கூடாது என்பது நம் பழைய கலைகளில் ஊறிய வழக்கம். ஒற்றைப் பிள்ளை, ஒற்றை மைக், எதிரே நடுவர் மேசை, முழு அமைதி என்பது பள்ளிக்கூடப் போட்டி முறையிலிருந்து வந்தது. ஐஸ்டெட்ஃபாட் என்ற சொல்லே வேல்ஸ் மொழியிலிருந்து வந்ததுதான். அந்த முறையில் நல்லதும் இருக்கிறது. ஆனால் அதற்கு மாறியபோது கூத்துக்காரர்களுக்கு இருந்த தாங்குதல்களை விட்டுவிட்டோம். அவற்றுக்கு ஈடாக எதையும் வைக்கவில்லை.

## பயம் போன பிறகுதான் பேச முடியுமா?

இந்த ஊரோடு சேர்ந்த ஓர் உதாரணம் இருக்கிறது. லண்டனில் சட்டம் படித்தபோது சைவ உணவுச் சங்கக் கூட்டத்தில், எழுதி வைத்திருந்ததைக்கூட வாசிக்க முடியாமல் வேறொருவரை வாசிக்கச் செய்தார் காந்தி. ஊர் திரும்பும் முன் கொடுத்த விருந்தில் தயாரித்து வைத்த உரையின் முதல் வாக்கியத்துக்கு மேல் நகரவில்லை. பம்பாயில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றார். தலை சுற்றியது, கேள்வி ஒன்றும் வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். இதையெல்லாம் மறைக்காமல் தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.

1893 மே மாதம் டர்பனில் வந்து இறங்கினார். அதே ஆண்டு பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்கள் முன் வியாபாரத்தில் உண்மையாக இருப்பது பற்றிப் பேசினார். வாழ்க்கையில் தன் முதல் பொதுப் பேச்சு என்று அதைத்தான் சொல்லலாம் என்கிறார். அந்த இடைவெளியில் பயம் போய்விட்டதா? கூச்சம் தென்னாப்பிரிக்காவில்தான் குறைந்தது, ஆனால் முழுவதும் ஒருபோதும் போகவில்லை, தயாரிப்பு இல்லாமல் பேச முடியாது என்றுதான் அவர் எழுதுகிறார். மாறியது என்ன? பிரிட்டோரியாவில் என்ன சொல்லப் போகிறார் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தயாராகப் போயிருந்தார். யாருக்காகச் சொல்கிறார் என்பதும் தெரிந்திருந்தது.

## அப்படியென்றால் எப்படிப் பழக்குவது

போட்டி நாளைவிடப் போட்டிக்கு முந்தைய மாதங்களே முக்கியம். கீழே உள்ளவற்றில் முதல் நான்கும் வகுப்பிலும் வீட்டிலும் செய்ய வேண்டியவை. பலன் பெரும்பாலும் அவற்றில்தான்.

1. முதலில் பொருள், பிறகு ஒலி. ஒவ்வொரு குறளுக்கும் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் விளக்கினாலும் சரி. மனக்கவலைக்கு ஒரு முகம், எட்டாவதுக்குக் கடல். தமிழ் எழுத்தில் ஒவ்வொரு வரியின் முதல் சொல்லை மட்டுமாவது வாசிக்கப் பழக்கினால் அந்த எழுத்தே மைல்கல்லாகிவிடும்.

2. நடுவிலிருந்து தொடங்கப் பழக்குங்கள். எப்போதும் ஒன்றிலிருந்து பத்து வரை ஒப்பிப்பதால் சங்கிலிதான் இறுகும். "ஐந்தாவது சொல்லு", "கடல் வருகிற குறள்கள் எவை" என்று கேளுங்கள். சாப்பாட்டு மேசையில், காரில், எங்கே வேண்டுமானாலும்.

3. தாளைப் பார்த்துத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது மேல். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 120 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. திரும்பப் படித்துக் கற்றவர்களின் ஞாபகம் பதற்றத்தில் சரிந்தது. நினைவிலிருந்து எடுத்துப் பார்த்துப் பழகியவர்களின் ஞாபகம் அதே பதற்றத்தில் அசையவில்லை. முயன்று, தடுக்கி, யோசித்து எடுத்த வரி நிற்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வு எனக்குத் தெரிந்து இல்லை.

4. பார்வையைப் பழக்குங்கள். முதலில் பாட்டி, பிறகு பக்கத்து வீட்டார், பிறகு வகுப்பு, பிறகு கோயில் மண்டபத்தில் பூஜை முடிந்து பத்துப் பேர் முன்னால். போனில் வீடியோ எடுப்பதும் உதவும். உளவியலாளர் சையன் பைலாக் 2001இல் கோல்ஃப் பழகுகிறவர்களிடம் சோதித்தபோது, கேமரா முன்னால் பழகியவர்கள் அழுத்தம் வந்தபோது தடுமாறவில்லை. செந்தமிழும் நாப்பழக்கம் என்று நாம் சொல்வதோடு, சபைப் பழக்கம் என்று ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

5. போட்டி நாளில், படபடப்புக்கு வேறு பெயர் கொடுங்கள். 2014இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் சிலரை கரோக்கி பாட வைத்தார். பாடும் முன் சிலர் "பதற்றமாக இருக்கிறது" என்றும் சிலர் "உற்சாகமாக இருக்கிறது" என்றும் சொல்ல வேண்டும். கணினி கொடுத்த மதிப்பெண், பதற்றம் என்றவர்களுக்கு 53 விழுக்காடு, ஒன்றும் சொல்லாதவர்களுக்கு 69, உற்சாகம் என்றவர்களுக்கு 81. இதயம் வேகமாக அடிப்பது இரண்டுக்கும் பொதுதான். அதை அமைதியாக்கப் போராடுவதைவிட, உடம்பு தயாராகிறது என்று எடுத்துக்கொள்வது சுலபம். ஆகவே பிள்ளையிடம் "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள். "உடம்பு ரெடியாகுது" என்று சொல்லுங்கள்.

6. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். வெளியே விடும்போதுதான் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கிறது. ஐந்தாறு மூச்சு போதும்.

7. கூட்டத்துக்கு உங்கள் நடுக்கம் நீங்கள் நினைக்கிற அளவு தெரிவதில்லை. உளவியலாளர்கள் கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் இதைச் சோதித்தார்கள். இந்த உண்மையைப் பேச்சுக்கு முன்பே அறிந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அவர்களுக்கு அதைத் தவிர வேறு எந்தப் பயிற்சியும் தரவில்லை.

முதல் குறளை மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு அதிகமாகப் பழக்குவதும் நல்லது. பதற்றம் உச்சத்தில் இருப்பது தொடக்கத்தில்தான். முதல் ஒரு நிமிடம் நாக்கு தானாக ஓடினால், அதற்குள் உடம்பு கொஞ்சம் தணிந்துவிடும்.

## மாத்திரை

இதை நேரடியாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரியவர்கள் நடுவே கைமாறுகிறது. ப்ரொப்ரனலால் என்பது இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்குமான மருந்து. அந்த வகை மருந்துகளை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். அட்ரினலின் இதயத்தில் போய் வேலை செய்வதை அது தடுக்கிறது. கை நடுக்கமும் படபடப்பும் குறையும். மேல்நாட்டு இசைக்குழுக்களில் பலர் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் 2,000க்கும் மேற்பட்ட இசைக் கலைஞர்களிடம் கேட்டு 1988இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 27 விழுக்காட்டினர் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள்.

ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு, சர்க்கரை தாழும்போது வரும் எச்சரிக்கைப் படபடப்பை மறைத்துவிடும். நம் சமூகத்தில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். மாமாவின் ரத்த அழுத்த மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது. பிள்ளைகளுக்கு நிச்சயமாகக் கூடாது. பெரியவர்களுக்கும் டாக்டர் பார்த்துச் சொன்னால் மட்டும். தவிர, மறந்த வரியை அது எடுத்துக்கொடுக்காது.

மேடையைத் தாண்டி, பள்ளிக்கூடத்துக்கே போக மறுப்பது, வீட்டுக்கு வெளியே பேசாமலே இருப்பது, வாரக்கணக்கில் தூங்காமல் இருப்பது என்று போனால் அது ஐஸ்டெட்ஃபாட் விஷயம் அல்ல. குடும்ப டாக்டரிடம் தொடங்கி மனநல நிபுணரைப் பார்க்க வேண்டும். நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன.

## நடத்துகிறவர்கள் மாற்றக்கூடியவை

பிள்ளையின் கையில் எதுவும் இல்லை என்ற உணர்வைக் குறைப்பதுதான் குறிக்கோள். செலவு அதிகம் இல்லை.

1. போட்டி தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறை மேடையில் ஏறி, மைக்கில் தன் பெயரைச் சொல்லி இறங்கட்டும். தன் குரல் அந்த மண்டபத்தில் எப்படிக் கேட்கும் என்பது முதல் குறளின்போது தெரியவரக் கூடாது.

2. வரிசையும் உத்தேச நேரமும் எழுதி ஒட்டப்படட்டும். தன் முறைக்கு இன்னும் ஐந்து பேர் இருக்கும்போதுதான் பிள்ளையை மேடை ஓரத்துக்குக் கூப்பிட வேண்டும்.

3. நடுவர்கள் முகத்தில் ஒரு புன்னகையாவது இருக்கட்டும். ட்ரியர் சோதனையில் நடுவர்கள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டது பதற்றத்தைக் கூட்டுவதற்காகத்தான்.

4. ஒருமுறை நின்றுபோனால் அந்தக் குறளை மீண்டும் தொடங்கலாம், மதிப்பெண் குறையாது என்பதை விதியாகவே அறிவித்துவிடலாம். விதி இருக்கிறது என்று தெரிந்தாலே பல பிள்ளைகளுக்கு அது தேவைப்படாது.

5. மேடையின் பக்கவாட்டில், கூட்டத்துக்குத் தெரியாமல், ஒரு நாற்காலி. அதில் பிள்ளையின் ஆசிரியரோ ஆயாவோ, கையில் தாளோடு. பிள்ளை திரும்பிப் பார்த்தால் அடுத்த வரியின் முதல் சொல்லை மட்டும் மெல்லச் சொல்ல வேண்டும். ஏழாவது குறளில் நின்ற பிள்ளைக்கு அன்று தேவைப்பட்டது "மனக்கவலை" என்ற ஒரே சொல்.